பொறுமைக்கு ஒரு பட்டம்

டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினம். 1992-ல் ஐ.நா. சபை அறிவித்தது. அன்றைய விழாவில் குத்துவிளக்கு ஏற்றுவது அதிகாரி, தலைமை தாங்குவது பிரமுகர், வரவேற்புரை தலைமையாசிரியர். நன்றியுரை மட்டும் எப்போதும் என்னைப் போன்ற சிறப்புப் பயிற்றுநர் தலையில். அவர் மேடையேறும்போது பிரமுகரின் கார் கிளம்பியிருக்கும். மைக்செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார். ‘அனைவருக்கும் நன்றி’ என்று முடித்துவிட்டு இறங்க வேண்டியதுதான். தனித்தனியாக நன்றி சொல்லப்பட வேண்டிய பலர் இப்படி ஆண்டுதோறும் விட்டுப்போகிறார்கள். சிறப்புக் கல்வியில் பி.எட். படித்து ஒரு பெண்ணோ பையனோ ஆசிரியராகும் கதையில் எத்தனை பெரிய மனசுக்காரர்களின் பங்கு இருக்கிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? அந்தப் பாக்கியை இங்கே தீர்த்துவிடுகிறேன்.

முதல் நன்றி உறவினர்களுக்கு.

“ஸ்பெஷல் எஜுகேஷன் பி.எட். சேர்ந்திருக்கேன்” என்று சொன்னதும் அத்தை கேட்பார்: “ஏம்மா, சாதா பி.எட். கிடைக்கலையா?” அடுத்த நொடியே சுதாரித்துக்கொண்டு, “பரவாயில்ல, புண்ணியமாப் போகும்” என்பார். பெரியப்பா ஒரு படி மேலே: “அதுக்கெல்லாம் ரொம்பப் பொறுமை வேணும். உனக்கு அது ஜாஸ்தி.” சம்பளத்தை அடுத்த பிறவியில் வாங்கிக்கொள்ளும் வசதி எல்லாப் படிப்புக்கும் கிடைத்துவிடாது. வங்கியில் வேலை பார்க்கும் அண்ணனிடம் யாரும் புண்ணியம் என்று சொல்லிப் பார்த்ததில்லை. பாவம், அவருக்கு பி.எஃப். மட்டும்தான்.

அடுத்தது கல்லூரிகள். சிறப்புக் கல்வியின் பாலபாடம், தடையற்ற சூழல். சரிவுப்பாதை வேண்டும், கைப்பிடி வேண்டும், வாசல் அகலமாக இருக்க வேண்டும் என்று பாடத்தில் வரும். சில கல்லூரிகள் இதைத் தங்கள் மாணவர்களுக்கே செயல்படுத்திக் காட்டுகின்றன. அங்கே வாசலே தடை இல்லை, ஏனென்றால் வாசலுக்கு வரவே தேவையில்லை. “ஃபீஸைக் கரெக்டா கட்டிருங்க, அட்டெண்டன்ஸை நாங்க பார்த்துக்கிறோம்” என்று போனிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஓராண்டுப் படிப்பாக இருந்த பி.எட்.டை 2015-ல் இரண்டாண்டாக்கினார்கள். வராமல் இருப்பதற்கு இரண்டு மடங்கு நேரம் கிடைத்தது.

இந்தக் கல்லூரிகளின் ரெக்கார்டு நோட்டுகளைப் பாராட்டாமல் மேலே போவது நன்றிகெட்டதனம். ஒவ்வொரு மாணவரும் ஒரு குழந்தையைப் பல வாரம் கவனித்துக் கேஸ் ஸ்டடி எழுத வேண்டும். சீனியர் எழுதியதை ஜூனியர் வாங்கிப் பார்த்து எழுதுவார். அந்த ஜூனியர் சீனியரானதும் அடுத்தவருக்குக் கொடுப்பார். அதனால் ரெக்கார்டில் இருக்கும் எட்டு வயதுப் பையன் பல ஆண்டுகளாக எட்டு வயதிலேயே இருக்கிறான். அதே நுண்ணறிவு ஈவு. அதே ‘அம்மா இல்லத்தரசி, அப்பா கூலித்தொழிலாளி’. ஆண்டுதோறும் புது பைண்டிங், புது லேமினேஷன், அதே பையன். மருத்துவத்தால் முடியாத ஒன்றை பேனாவால் சாதித்திருக்கிறார்கள்.

கற்றல் கற்பித்தல் உபகரணங்கள், நாங்கள் சொல்வது டி.எல்.எம். தெர்மாகோல், சார்ட், ஃபெவிக்கால், ஜிகினா எல்லாம் போட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்ய வேண்டும். செய்முறைத் தேர்வுக் குழு வரும் நாளைக் கமிஷன் என்போம். கமிஷன் முடியும்வரை பாலித்தீன் கவர் பிரிக்கப்படாது. குழந்தைகள் தொட்டால் அழுக்காகிவிடும் அல்லவா? பார்வையற்ற குழந்தைக்காகச் செய்த மாதிரியில் ஜிகினா எதற்கு என்று கேட்கும் விவரம் தெரியாதவர்களும் உண்டு. அது எக்ஸ்டர்னல் தேர்வாளரின் கண்ணுக்கு. மார்க் போடுவது அவர்தானே?

உண்மையாகவே சொல்லிக்கொடுக்கும் இடங்களும் இல்லாமல் இல்லை. முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கோவையில் ராமகிருஷ்ண மிஷன் வளாகம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டிலேயே பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் பள்ளிகள் தொடங்கப்பட்டன. இந்த மாதிரி இடங்களில் கற்றுக்கொண்டவர்களால்தான் பின்னால் எல்லாருக்கும் தொந்தரவு. ஆறு புள்ளிகளால் ஆன பிரெயிலை, சட்டத்தில் தாளை வைத்து ஊசியால் குத்தி எழுதும்போது வலமிருந்து இடமாக, கண்ணாடிப் பிம்பமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பினால்தான் இடமிருந்து வலமாக வாசிக்க முடியும். விரலுக்குப் பழகும்வரை தலை சுற்றும். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தையை மதிப்பிட, மெட்ராஸ் பெயரையே தாங்கிய எம்.டி.பி.எஸ். என்ற அளவுகோல் உண்டு. 18 துறைகள், துறைக்கு 20 திறன்கள், மொத்தம் 360. நடப்பது, உண்பது, உடுத்துவது, காசை எண்ணுவது என ஒவ்வொன்றிலும் இந்தக் குழந்தை இன்றைக்கு எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். ‘மந்தம்’ என்று ஒரே சொல்லில் முடிக்க வேண்டியதற்கு 360 கேள்விகள். நேரத்தை வீணடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுப்பதைப் பாருங்கள். வீட்டில், “கையைக் கீழ விடு, நான் போட்டுவிடறேன்” என்று அம்மா அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். இந்தப் படிப்பு அதைப் பிய்த்துப் போடுகிறது. துளையிருக்கும் பக்கத்தை ஒரு கையால் பிடிப்பது, பொத்தானின் விளிம்பை மறு கையால் பிடிப்பது, சாய்த்துத் துளைக்குள் செலுத்துவது, மறுபுறம் எட்டிப்பார்க்கும் விளிம்பைப் பற்றுவது, இழுப்பது. கற்றுக்கொடுப்பது கடைசியிலிருந்து. மற்ற எல்லாவற்றையும் ஆசிரியர் செய்து, பாதி நுழைந்த பொத்தானை அந்த இழுப்புக்காக மட்டும் விட்டுவைப்பார். குழந்தை இழுக்கும். பொத்தான் மாட்டிவிடும். வேலையை முடித்தது யார்? குழந்தைதான். அது பழகிய பிறகு அதற்கு முந்தைய படி, பிறகு அதற்கும் முந்தையது. ஒவ்வொரு நாளும் முடித்த சந்தோஷத்தோடுதான் அந்தக் குழந்தை எழுந்திருக்கும். ஒரு பொத்தானுக்கு இத்தனை நாளா என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவது நன்றி கவுன்சில்களுக்கு. சாதா பி.எட்.டுக்கு ஒரு கவுன்சில். சிறப்பு பி.எட்.டுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. படித்து முடித்தால் மட்டும் போதாது, மத்தியப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து எண் வாங்க வேண்டும். அவ்வப்போது கருத்தரங்குகளுக்குக் கைக்காசு போட்டுப் போய்ப் புள்ளிகள் சேர்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எங்களை எவ்வளவு மதித்தால் எங்கள் வேலையைச் சிறைத்தண்டனைக்கு உரிய விஷயமாக வைத்திருப்பார்கள்! சிறப்பு ஆசிரியரே இல்லாமல் நடக்கும் பள்ளிக்குச் சிறைப் பேச்சே கிடையாது. ஆள் இல்லாத இடத்தில் யாரைப் பிடிப்பது?

சாதா பி.எட்.டைப் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலான என்.சி.டி.இ.யும் எங்களிடம் அக்கறை குறைந்ததில்லை. 2010-ல் அது வெளியிட்ட ஆசிரியர் தகுதி அறிவிப்பின்படி, சிறப்பு பி.எட். படித்த ஒருவர் தொடக்கக் கல்விக்கு நியமிக்கப்பட்டால், ஆறு மாதப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். சாதாக் குழந்தைகளைக் கையாள எங்களுக்கு ஆறு மாதம் வேண்டுமாம். சாதா பி.எட். படித்தவரிடம் சிறப்புக் குழந்தைகளைக் கையாள அப்படி ஒரு ஆறு மாதம் கேட்கப்படவில்லை. அவர்கள் பாடத்திட்டத்தில் உள்ளடக்கிய பள்ளி பற்றி ஒரு தாள் வருகிறது. ஒரு தாளிலேயே புரிந்துகொள்ளும் கூர்மை அவர்களுக்கு. நாங்கள்தான் இரண்டு வருடம் எடுத்துக்கொள்கிறோம்.

அந்த ஒரு தாளின் பலனைப் பள்ளிகளில் கண்ணாரக் காணலாம். வாரம் ஒருமுறை நாங்கள் போய் இறங்கும்போது வகுப்பாசிரியர் முகமலர்ச்சியோடு சொல்வார்: “மேடம், உங்க பையன் வந்திருக்கான், கூட்டிட்டுப் போங்க.” வருகைப் பதிவேட்டில் அவர் வகுப்புப் பையன். மதிய உணவுக் கணக்கிலும் அவர் வகுப்புப் பையன். கணக்குப் பாடம் வரும்போது மட்டும் எங்கள் பையன். பெற்ற தாய்க்குக்கூட இவ்வளவு தாராளமாகப் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க மனம் வருமா? அந்தப் பையன் வாரம் முழுக்கக் கதவோரத்தில் உட்கார்ந்து என்ன செய்தான் என்று கேட்டால், “தொந்தரவே பண்ணலை மேடம், ரொம்ப நல்ல பையன்” என்று நற்சான்றிதழும் கிடைக்கும்.

நான்காவது நன்றி அரசுக்கு. இதற்கு எழுந்து நின்றுதான் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் எங்களைப் பிரித்துப் படிக்கவைத்தார்கள். செவித்திறன் குறைபாட்டுக்கு ஒரு பிரிவு, பார்வைக்கு ஒன்று, அறிவுசார் குறைபாட்டுக்கு ஒன்று. ஒன்றைப் படித்தவருக்கு இன்னொன்று கைவராது என்பதால்தான் இந்தப் பிரிவுகள். வேலையில் சேர்ந்தபோது இந்த வேற்றுமைகளையெல்லாம் அரசு ஒழித்துவிட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21. எதில் பட்டம் வாங்கியிருந்தாலும் உங்கள் பகுதியில் இருக்கும் 21-ம் உங்களுடையது. காதுகேளாத குழந்தைக்காக சைகை மொழி கற்றவர் பார்வையற்ற மாணவியின் முன்னால் போய் உட்கார்ந்து சைகை செய்யலாம். தடுக்கமாட்டார்கள்.

ஒரு பள்ளியில் அடைந்து கிடந்தால் மனம் சலித்துவிடும் என்று வட்டார வள மையத்தில் வைத்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள். காலையில் ஒரு பள்ளி, மதியம் இன்னொன்று, படுத்த படுக்கையாக இருக்கும் குழந்தைக்கு இல்லம் சார்ந்த பயிற்சி என்று அதன் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம். மருத்துவ முகாமுக்கு ஆள் சேர்ப்பது, அடையாள அட்டைக்கு ஆவணம் திரட்டுவது, கான்பூரில் உள்ள அரசு நிறுவனம் தரும் மூன்றுசக்கர வண்டிக்கு அளவெடுக்கும் முகாமில் வரிசையை ஒழுங்குபடுத்துவது, அத்தனையையும் போட்டோ பிடித்துச் செயலியில் ஏற்றுவது எல்லாம் இடையிடையே. 2021-ல் மகளிருக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று வந்ததே, அது எங்களில் பெண்களுக்குக் கிடைத்த சம்பள உயர்வு. அதற்குத் தனி நன்றி. உடன் வேலை பார்க்கும் ஆண்கள் பொறுமையாக டிக்கெட் எடுத்துக்கொள்கிறார்கள்.

அரசின் நிலைத்தன்மைதான் என்னை ரொம்பக் கவர்வது. 1974-ல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தது. பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம். 2009-ல் இடைநிலை வகுப்புகளுக்கென்று தனித் திட்டம். 2018-ல் எல்லாவற்றையும் சேர்த்து ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி. திட்டத்தின் பெயர் மாறும், லெட்டர்பேடு மாறும், முத்திரை மாறும். நாங்கள் மட்டும் அன்றும் தற்காலிகம், இன்றும் தற்காலிகம். தொகுப்பூதியம், ஆண்டுக்காண்டு நீட்டிப்பு. குழந்தையின் குறைபாடு நிரந்தரம் என்று மருத்துவர் சான்றிதழ் கொடுக்கிறார். கற்பிப்பவரின் வேலை நிரந்தரம் என்று சான்று கொடுக்கத்தான் ஆளில்லை. 2024-ல் மத்திய அரசு இந்தத் திட்டத்துக்கான நிதியைத் தமிழ்நாட்டுக்கு விடுவிக்காமல் நிறுத்திவைத்தது. டெல்லியும் சென்னையும் கல்விக் கொள்கைக்காக மல்லுக்கு நின்றன. அந்தக் கொள்கைப் போரில் மாதச் சம்பளத்தையே எதிர்பார்த்திருந்த எங்களுக்கும் ஒரு பங்கு கிடைத்ததே, சாமானியர்களுக்கு எட்டும் பாக்கியமா அது?

ஐந்தாவது நன்றி தனியார் பள்ளிகளுக்கு. சி.பி.எஸ்.இ. தன்னோடு இணைந்த பள்ளிகளில் சிறப்புக் கல்வியாளர் இருக்க வேண்டும் என்று 2015-ல் சொன்னது. பல பள்ளிகள் உடனே வைத்துக்கொண்டன. சயின்ஸ் மிஸ் லீவு போட்டால் அந்த வகுப்பைப் பார்ப்பது அவர். ஆண்டுவிழாவுக்கு கிரீடம் ஒட்டுவதும் அவர். ஆட்டிசம் உள்ள குழந்தையோடு வகுப்பில் உட்கார ‘ஷேடோ டீச்சர்’ வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் கட்டுங்கள் என்று பெற்றோரிடம் கேட்கும் பள்ளிகளும் உண்டு. நிழலுக்கும் ஃபீஸ் வாங்கத் தெரிந்தவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய.

இவ்வளவு நல்லவர்களுக்கு நடுவில் கொஞ்சம் முரடாக நடந்துகொண்டது உச்ச நீதிமன்றம்தான். சிறப்புத் தேவையுள்ள எத்தனை குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று விகிதம் நிர்ணயிக்கும்படி 2021 அக்டோபரில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதன்படி தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேலுள்ள வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசு அறிவித்தது. அதாவது பட்டியலைப் பார்த்து எண்ணச் சொன்னார்கள். எண்ணினால் எத்தனை இடம் வேண்டும் என்று தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் நிரப்ப வேண்டிவரும் என்பதால் மாநிலங்கள் நிதானம் காத்தன. 2025 மார்ச்சில் மறுபடியும் நீதிமன்றம், பணியிடங்களை அறிவியுங்கள், பல ஆண்டுகளாகத் தற்காலிகமாக இருப்பவர்களின் தகுதியைக் குழு வைத்துப் பாருங்கள் என்று உத்தரவிட வேண்டியதாயிற்று. நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தையே காத்திருக்கவைக்கும் துணிச்சலை மெச்சாமல் இருக்க முடியுமா?

கடைசியாக, எல்லாரும் எங்களுக்குத் தரும் பொறுமைசாலி என்ற பட்டத்துக்கு ஒரு நன்றி. அதில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும். குழந்தைகளிடம் எங்களுக்குப் பொறுமை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அங்கே தேவை நுட்பம். பொத்தானை எந்த இடத்தில் விட்டுவைக்க வேண்டும், எந்த நொடியில் கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்தால் குழந்தை தானாக முன்னேறும். தெரியாதவருக்குத்தான் அது பொறுமையின் சோதனையாகத் தெரிகிறது. அந்த நுட்பத்தைத்தான் இந்தப் படிப்பு, ஒழுங்காக நடந்தால், கற்றுத்தருகிறது. பொறுமை தேவைப்படுவது அத்தையிடம், அட்டெண்டன்ஸ் கல்லூரியிடம், “உங்க பையன்” என்பவரிடம், ஒவ்வோராண்டும் நீட்டிப்புக் கடிதம் வரும்வரை காத்திருக்கும் மாதங்களில். அதற்குப் பாடத்திட்டத்தில் தாள் இல்லை. களப்பயிற்சி மட்டுமே.

இந்த ஆண்டு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கும் தங்கைக்கும் தம்பிக்கும் இரண்டு வார்த்தை. தாராளமாகச் சேருங்கள். சேருவதற்கு முன், அந்தக் கல்லூரிக்கு மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டுவரை இருக்கிறது என்று பாருங்கள். பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், அங்கே உண்மையில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். அட்டெண்டன்ஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னால், கும்பிட்டுவிட்டு எழுந்து வாருங்கள். உங்களிடம் ஒரு நாள் வரப்போகும் குழந்தைக்கு வேறு ஆசிரியர் கிடைக்கப்போவதில்லை.

மற்றவர்களுக்கு நினைவூட்ட ஒன்றே ஒன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, இந்தக் குழந்தைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும், பணியிலும் அமர்த்த வேண்டும் என்கிறது. முதல் வேலை ஆண்டு தவறாமல், ஃபீஸ் வாங்கிக்கொண்டு, சிறப்பாக நடக்கிறது. இரண்டாவது வேலை பாக்கி.